காலமறிந்து நடுவோம், கண் திறந்து காண்போம்

மனிதனை இறைவன் முதன்முதலாகக் குடிவைத்த இடம் அரண்மனையன்று, ஒரு தோட்டம். அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அவனை அங்கே அமர்த்தினார் என்று தொடக்கநூல் கூறுகிறது. நம் ஆண்டவர் இரத்த வியர்வை சிந்திச் செபித்த கெத்சமனியும் ஒரு தோட்டமே. உயிர்த்த ஆண்டவரைக் கல்லறையருகே கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்றே முதலில் எண்ணினார். மீட்பின் வரலாறு முழுவதும் மண்வாசனை கமழ்கிறது அன்றோ!

இத்தகைய வரலாற்றை ஞாயிறுதோறும் கேட்கும் நம் குடும்பங்களின் வீட்டு முற்றங்கள் இன்று எந்நிலையில் உள்ளன? பெரும்பாலானவற்றில் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நின்ற காலம் போய், இரண்டு இணுக்குக் கறிவேப்பிலைக்கும் கடைக்காரரிடம் கை நீட்டுகிறோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் திரும்பும் தந்தையும், பள்ளிப் பேருந்துக்கு விரையும் பிள்ளைகளும், அடுக்களையோடு போராடும் தாயும் ஒருசேர நின்று பார்க்கும் பசுமை என்று வீட்டில் எதுவுமில்லை. நாள்தோறும் நிழல் தரும் மரத்தின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பெயர் தெரியாத ஒன்றின்மீது அன்பு பிறப்பது அரிது. அன்பில்லாததைப் பாதுகாப்பது அதனினும் அரிது.

ஆகவே வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும், பெருந்தோட்டங்களாகிய தாவரவியல் பூங்காக்களைக் கண்டு மகிழ்வதைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பூண்டி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து நிலத்தையும் பருவத்தையும் மனத்திற்கொண்டே எழுதுகிறோம். பிற வட்டாரத்து வாசகர்கள் தம் ஊர் மழைக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்வார்களாக.

உதகை கற்பிக்கும் முதற்பாடம்

தாவரவியல் பூங்கா என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது உதகமண்டலத்து அரசுத் தாவரவியல் பூங்காவே. தொட்டபெட்டா மலைச்சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் இப்பூங்கா எவ்வாறு தோன்றியது தெரியுமா? அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர் சிலர், தங்களுக்கு மலிவாகக் காய்கறி கிடைக்கவேண்டுமென்று 1840-களில் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டத்தை நடத்தினர். அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் இலண்டன் அருகேயுள்ள கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்பவர் 1848-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார். சேறும் புதருமாயிருந்த சரிவைப் பல்லாண்டு உழைப்பால் அழகிய பூங்காவாக மாற்றினார். 1896 முதல் அங்கு நடைபெற்றுவரும் மலர்க்காட்சி இன்று நாடறிந்த விழாவாகத் திகழ்கிறது. புகழ்பெற்ற அப்பூங்காவும் ஒரு காய்கறிப் பாத்தியிலிருந்தே எழுந்தது என்பதைக் கருதும்போது, நம் வீட்டுப் பின்புறத்துக் கீரைப் பாத்தியை இழிவாக எண்ண இடமேயில்லை.

கோடை விடுமுறையில் உதகை சென்று திரும்புவோர் பலரும் அழகிய மலர்ச்செடி ஒன்றையேனும் தொட்டியோடு வாங்கி வருகின்றனர். மலையில் மே மாதத்திலும் குளிர் காற்று வீசும். இங்கோ சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். வந்த செடி இரண்டு வாரம் பூத்துக் குலுங்கும். மூன்றாம் வாரம் இலை கருகும். ஆனி பிறக்குமுன் வெறும் குச்சியாகும். நமக்குக் கைராசி இல்லை என்று வீட்டார் மனம் சோர்ந்து, அதன்பின் எதையும் நடாமல் விட்டுவிடுகின்றனர். இதில் கைராசிக்கு என்ன வேலை? குளிர்நாட்டுச் செடியை வெயில் நாட்டில், அதுவும் கோடையின் உச்சியில் வைத்ததே காரணம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்றும், நடுவதற்கொரு காலமும் பிடுங்குவதற்கொரு காலமும் உண்டு என்றும் சபை உரையாளர் நூல் கூறுகிறது. இடமும் காலமும் அறிந்து நட்டால் சிறு முயற்சியும் பலன் தரும். அறியாது நட்டால் குடங்குடமாக ஊற்றினும் வீணே. இந்த ஒன்றை மனத்தில் ஊன்றிக்கொண்டால் வீட்டுத் தோட்டக் கலையில் பாதியைக் கற்றவராவோம்.

ஆடி முதல் புரட்டாசி வரை

நம் முன்னோர், ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர். ஆடியிலும் ஆவணியிலும் மாலை வேளைகளில் பெய்யும் மழை மண்ணை இளக்கி வைக்கும். விதை முளைத்து வேரூன்றி நிமிர்வதற்கும், ஐப்பசியில் பெருமழை தொடங்குவதற்கும் கணக்குச் சரியாயிருக்கும். முதல் மழைக்குப் பின் மண்ணை ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஒரு வாரம் ஆறப்போடுக. ஆற்றோரத்து மணற்பாங்கான நிலத்திற்கு உரம் சற்று மிகுதியாக வேண்டும். ஏரியடிக் களிமண்ணுக்கு மணலும் இலைமக்கும் சேர்த்தால் நீர் தேங்காது.

வெண்டை, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, சுரை, பரங்கி ஆகியவற்றை நேரே ஊன்றலாம். வெண்டை விதையை முன்னிரவில் நீரில் ஊறவைத்தால் ஒருசேர முளைக்கும். 45 நாளில் காய்ப்புக்கு வரும். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிடில் காய் முற்றி, செடியும் களைத்துவிடும். கத்தரியையும் மிளகாயையும் நாற்றுவிட்டே நடவேண்டும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும், மிளகாய் நாற்று 40 நாளிலும் பிடுங்கி நடத் தகுதி பெறும். நாற்றை மாலையில் நடுவதே நன்று, இரவின் குளிர்ச்சியில் அது தலை நிமிரும்.

அவரையை மட்டும் ஆடி தவறவிடலாகாது. பந்தலில் படரும் பழைய நாட்டவரை, பகல் குறுகி இரவு நீளும் நாள்களில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றிய கொடி பந்தல் முழுதும் படர்ந்து, கார்த்திகை, மார்கழியில் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும். அதே விதையைப் பங்குனியில் ஊன்றினால் கொடி ஓடுமேயன்றிக் காய் காண்பது அரிது. கடிகாரமின்றியே இரவின் நீளத்தை அளக்கும் அறிவை ஒரு சிறு கொடிக்குள் வைத்த படைப்பாளரை எண்ணி வியவாதிருக்க முடியுமா?

செப்டம்பர் 1 முதல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரையுள்ள நாள்களைப் படைப்பின் காலமாக நம் பங்குகளில் சிறப்பிக்கிறோம். ஆவணி பிற்பாதியும் புரட்டாசியுமாகிய இந்நாள்கள், மரக்கன்று நடுவதற்கு நம் வட்டாரத்தில் மிகவும் ஏற்றவை. இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, எரு நிரப்பி, எலுமிச்சை, கொய்யா, நெல்லி, கறிவேப்பிலை போன்றவற்றை நட்டால், பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். திருவழிபாட்டின் காலமும் நிலத்தின் காலமும் கைகோத்து வரும் அழகை இங்கே காண்கிறோம்.

மழைக்காலமும் பனிக்காலமும்

ஐப்பசியும் கார்த்திகையும் விதைக்கும் மாதங்களல்ல, காக்கும் மாதங்கள். ஆண்டு மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவக்காற்றினாலேயே நமக்குக் கிடைக்கிறது. பாத்திகளை அரையடி உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் அமைத்திடுக. வாழைக்கும் பப்பாளிக்கும் முட்டுக் கொடுத்திடுக. கத்தரியின் வேரில் இரண்டு நாள் நீர் நின்றால் செடி வாடும், பின் தேறுவதில்லை. துலுக்கச் சாமந்தியை ஆவணி முற்பாதியில் விதைத்திருந்தால், நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாளில், கல்லறைத் தோட்டத்தில் துயில்வோர்க்கு நம் கையால் வளர்த்த மலரையே எடுத்துச் செல்லலாம்.

கார்த்திகை நடுவில் மறவாது செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. நவம்பர் இறுதி வாரத்தில் மல்லிகைச் செடிக்கு நீர் பாய்ச்சுவதைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில் கவாத்துச் செய்து, காய்ந்த கிளைகளை நீக்கி, எரு இடவேண்டும். செழித்து நிற்கும் செடியை வெட்ட மனம் வராதுதான். ஆயின் மல்லிகை புதிய தளிரில்தான் பூக்கும். கவாத்துப் பெற்ற செடி பங்குனியில் அரும்பத் தொடங்கி, மே மாதத்தில் கூடை கூடையாய்ப் பூக்கும். அதுவோ தேவ அன்னையின் வணக்கமாதம்! மாதாவின் திருவுருவத்திற்கு மே மாதத்தில் சூட்டும் மாலை, நவம்பர் மாதத்துக் கத்தரிக்கோலில் தொடங்குகிறது. கனி தரும் கிளையை மேலும் கனி தருமாறு தந்தை கழித்துவிடுகிறார் என்று ஆண்டவர் உரைத்ததன் பொருள், ஆண்டுதோறும் மல்லிகையைக் கவாத்துச் செய்யும் இல்லத்தரசிக்கு எளிதில் விளங்கும்.

மார்கழியும் தையும் தோட்டக்காரரின் பொற்காலம். வெயில் தணிந்து, பனி இறங்கும் இந்நாள்களில் தக்காளி, முள்ளங்கி, சின்ன வெங்காயம், கொத்தமல்லி, வெந்தயக்கீரை யாவும் நன்கு வரும். முட்டைக்கோசுகூட இப்பருவத்தில் சமவெளியில் விளையும். முள்ளங்கிக்கு 45 நாள்கள் போதும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்திடுக. அரைக்கீரை, சிறுகீரை விதைகள் மிகச் சிறியவையாதலின் நான்கு பங்கு மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு இழுத்துச் செல்லாதிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பலிடுக. 25-ஆம் நாளில் கீரை சட்டிக்கு வரும். தைப் பொங்கலன்று அவரையும் பரங்கியும் நம் கொல்லையிலிருந்தே வந்து, அதில் ஒரு பங்கை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்போது உண்டாகும் நிறைவைச் சந்தையில் வாங்க இயலாது.

தவக்காலமும் கோடையும்

வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்குபவை. தை இறுதியிலோ மாசியிலோ இவற்றை விதைத்தால் கோடைத் தொடக்கத்தில் பலன் தரும். தவக்காலம் விதை சேமிக்கவும் உகந்தது. முதலில் காய்த்த, நோயற்ற, பருத்த காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, விதையெடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிவைத்திடுக. மிகச் சிறந்த காயை உண்ணாமல் நாளைக்கென ஒதுக்குவதும் ஒருவகை நோன்பே.

சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் விதைக்க வேண்டா. இருப்பவற்றை உயிரோடு காப்பதே அம்மாதங்களின் கடமை. செடியைச் சுற்றி வைக்கோல், சருகு, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றை நான்கு விரற்கடை கனத்தில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் எளிதில் ஆவியாகாது. மரக்கன்றின் அருகே அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், சொட்டுச் சொட்டாக வேருக்குச் செல்லும். காலியான பாத்திகள் வெயில் காயட்டும். மண்ணுக்கும் ஓர் ஓய்வுநாள் வேண்டுமன்றோ!

நீரைப் பற்றி ஒரு சொல்

ஊத்து என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது ஊத்துக்கோட்டை. ஆயினும் அருகே ஓடும் ஆரணியாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 1983-இல் ஆந்திர, தமிழக அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமைந்த கால்வாய் வழியே, 1996 முதல் கிருஷ்ணை நீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் நுழைந்து, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அங்கிருந்து அது சென்னையின் தாகம் தணிக்கச் செல்கிறது. பெருநகருக்குப் போகும் நீர் கண்ணெதிரே ஓட, கோடையில் குடத்துடன் வரிசையில் நிற்கும் தாய்மாரையும் நாம் காண்கிறோம். நீரின் அருமையை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

ஆகவே நல்ல நீரைச் செடிக்கு ஊற்றுவதற்குமுன் பயன்படுத்திய நீரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் குளிக்க இரண்டு வாளி, அதாவது 30 லிட்டர் என்று கொண்டால், ஐவர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 150 லிட்டர் நீர் சாக்கடையில் கலக்கிறது. குளியலறை நீர் செல்லும் வழியில் கூழாங்கல்லும் மணலும் இட்ட சிறு குழி அமைத்து, அதன் ஓரம் கல்வாழையும் சேம்பும் வைத்து, அதற்கப்பால் இரண்டு வாழை நட்டால், அந்நீர் இலையாகவும் குலையாகவும் நம்மிடம் திரும்பி வரும். சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கு மட்டும் விடலாகாது. அரிசி, பருப்பு கழுவிய நீரை நேரே எச்செடிக்கும் ஊற்றலாம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அன்று பொருத்திய குழாய்கள் அடைபட்டுக் கிடந்தால், புரட்டாசியிலேயே அவற்றைத் தூய்மை செய்திடுக.

இடமில்லாதோர்க்கு

வாடகை வீட்டிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் வாழ்வோர், எங்களுக்கு மண்ணேது என்று கேட்கலாம். அரிசிச் சாக்கு, ஓட்டை வாளி, விரிசல் விட்ட குடம் எதுவும் தொட்டியாகும். அடியில் நீர் வடியத் துளையிட்டு, மண் இரு பங்கு, எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பிடுக. மாடியில் வைப்போர் செங்கல்மேல் வைத்தால் தளம் ஈரம் குடிக்காது. நாளில் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளியும், அரைநிழலில் கீரை, புதினா, ஓமவல்லியும் வளரும்.

இவ்விடத்தில் நம் தொழிற்பகுதிக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பீப்பாய்களில் சில, வேதிப்பொருள்கள் அடைத்து வந்தவை. எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் உண்ணும் பயிரை வளர்க்க வேண்டா, குடிநீர் நிரப்பவும் வேண்டா. ஆலைக் கழிவுநீர் கலக்கும் ஓடைகளின் கரையில் கீரை பயிரிடுவதும் தகாது. கீரை தான் நிற்கும் மண்ணிலுள்ள நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது.

பூச்சிக்கு உடனே விஷமருந்தைத் தேட வேண்டா. அசுவினி கண்டால் காலைப் பனி ஈரத்தில் சாம்பல் தூவிடுக. மற்றவற்றுக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் போதும். பரங்கி பூத்தும் காய்க்கவில்லையெனில் வண்டும் தேனீயும் வரவில்லை என்று பொருள். விடிந்த சில மணி நேரத்திற்குள், நீண்ட காம்புடைய ஆண் பூவைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சு தாங்கிய பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுக. பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்வித்தால், பாடநூலில் படித்த மகரந்தச் சேர்க்கை அவர்தம் விரல் நுனியில் பதியும்.

பூங்காவைக் காணச் செல்வோம்

கையால் மண்ணைத் தொட்டுப் பழகியவருக்கே பெருந்தோட்டங்களின் பெருமை முழுதும் புலப்படும். ஊத்துக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில், கதீட்ரல் சாலையில் அமைந்துள்ளது செம்மொழிப் பூங்கா. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 20 ஏக்கரில் அமைந்து, 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கு முன்பே நின்ற பெருமரங்களை வெட்டாமல், அவற்றைச் சூழப் பூங்கா அமைத்தனர் என்பது பாராட்டத்தக்கது. மூலிகைத் தோட்டம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம், தொட்டியில் வளர்த்த குட்டை மரங்கள் முதலியன அங்குள்ளன. அதற்கு எதிரே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டுள்ளது. புனித தோமையார் கல்லறை அமைந்த சாந்தோம் பேராலயமும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே திருப்பயணத்தையும் பூங்காக் காட்சியையும் ஒரே நாளில் நிறைவேற்றலாம். மழை ஓய்ந்து பசுமை துலங்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்றவை.

பூங்காவில் ஓடியாடிப் படம் பிடித்துத் திரும்புவதோடு நில்லாமல், சிலவற்றைச் செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தெரிந்துகொள்ளட்டும். அதன் பெயர்ப்பலகையைப் படித்து, பட்டையைத் தொட்டு, உதிர்ந்த இலையை முகர்ந்து, குறிப்பேட்டில் வரையட்டும். அம்மரத்தின் நிழலில் எச்செடி செழிக்கிறது, எது மெலிகிறது என்று தாய் தந்தையர் நோக்கட்டும். நம் வீட்டு மாமரத்தடியில் எதை வைக்கலாம் என்பதற்கு விடை அங்கே கிடைக்கும். நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் தோட்டப் பணியாளரை, ஐயா என்றும் அம்மா என்றும் மரியாதையுடன் அழைத்து ஐயம் கேட்டால் மகிழ்ந்து சொல்வார். பூவையும் தளிரையும் கிள்ளாமல் வருவது பிறர் கண்ணுக்கும் உரிய அழகை மதிப்பதாகும். அங்கிருந்து நாம் வீட்டிற்குக் கொண்டுவர வேண்டிய பெரும்பொருள், கூர்ந்து நோக்கும் பழக்கமே.

இவ்வாறு கூர்ந்து நோக்கியோர் திருச்சபையில் பலர் உண்டு. இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், புனித தோமையார் பெயரால் விளங்கிய அகுஸ்தீனார் துறவு மடத்தில் வாழ்ந்தவர் அருட்தந்தை கிரகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் எட்டாண்டு பட்டாணிச் செடிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து எண்ணி, பெற்றோர் இயல்பு பிள்ளைகளுக்கு வரும் விதிகளைக் கண்டறிந்து 1866-இல் வெளியிட்டார். 1884-இல் அவர் மறையும்வரை உலகம் அதன் அருமையை உணரவில்லை. 1900-இல்தான் அறிஞர்கள் அதை மீண்டும் கண்டெடுத்தனர். நம் தமிழகத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினாட் தாவரத் தொகுப்பகத்தை 1967-இல் நிறுவிய இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ, தம் மாணவரோடு காடுமேடெல்லாம் அலைந்து செடிகளைத் திரட்டி, உலர்த்தி, வகைப்படுத்தி, தமிழகத் தாவரங்களைப் பற்றிய பெருநூல்களை 1980-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 2004-இல் மறையும்வரை பசுமையின் பணியிலேயே நிலைத்திருந்தார். இவர்களுக்குச் செடியை எண்ணுவதும் செபமாயிருந்தது எனலாம்.

இதையும் செய்வோம்

சென்னை செல்ல வசதியற்றோர் வருந்த வேண்டா. நம் ஆலய வளாகமும் கல்லறைத் தோட்டமுமே பூங்காக்கள். 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வீசியபோது, சென்னையிலும் நம் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அழகுக்கென அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த குல்மோகர் போன்றவை பேரளவில் வீழ்ந்தன. அவ்விடங்களில் இம்மண்ணுக்குரிய புங்கம், மகிழம், நாவல், இலுப்பை, பூவரசு ஆகியவற்றை நடுவது நம் கடமை. பங்கின் இளையோர் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் கூடி, வளாகத்து மரங்களுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகை கட்டலாம். பெயர் தெரியாத மரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், அதன் பயனும் கதையும் சேர்ந்தே கிடைக்கும். பெண்கள் குழுவினர் விதை மாற்று நாள் ஒன்றை ஆனி மாதத்தில் வைத்தால், ஆடிப்பட்டத்திற்கு எவரும் விதைக்கெனக் கடைக்குச் செல்ல வேண்டியிராது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் ஒரு செய்தியை நினைவூட்டினார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவு மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் பயிரிடாமல் விட்டுவைக்கும்படி பணித்தாராம். அங்கே காட்டு மலர்கள் தாமாகவே முளைக்கவேண்டும் என்பதும், அவற்றைக் காண்போர் இறைவனை நினைக்கவேண்டும் என்பதுமே அவர் விருப்பம். சிறிதளவு இடமே உடைய நாமும், தொட்டிகளுக்கிடையே ஒரு சாண் மண்ணைச் சும்மா விட்டுவைப்போம். தும்பையோ குப்பைமேனியோ முளைக்கட்டும். நாம் நடாததையும் வளர்ப்பவர் ஒருவர் உண்டு என்பதற்கு அது சான்றாயிருக்கும்.

நட்டவரும் நீர் பாய்ச்சியவரும் பெரியவரல்லர், விளையச் செய்யும் கடவுளே பெரியவர் என்று திருத்தூதர் பவுல் கற்பித்தார். அவ்வாறாயின் நடுவதும் நீர் பாய்ச்சுவதும் நம் பங்கு. அதைக் காலமறிந்து செய்வோம். இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை பத்து நிமிடம் பந்தலடியில் நிற்கட்டும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை ஒரு குவளை நீர் வார்க்கட்டும். மாலைச் செபமாலைக்குமுன் தாய் நான்கு மல்லிகை அரும்புகளைப் பறித்து மாதாவின் திருவடியில் வைக்கட்டும். வருகின்ற ஆடிப்பட்டத்தில் நம் பங்குக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு விதையேனும் ஊன்றுமாக. வானத்தினின்று மழையையும் வளமிக்க பருவ காலங்களையும் தருகின்ற இறைவன், நம் இல்லத் தோட்டங்களையும் இதயத் தோட்டங்களையும் ஆசீர்வதிப்பாராக!